சாவியைக் கொடுத்தது யார்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஐரோப்பாவில் மக்களாட்சியைச் சாய்த்தது மக்களின் வாக்கா, தலைவர்களின் கணக்கா என்பது இன்றைய தலைப்பு. மக்களின் வாக்கே என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். அவர் வைத்த வாதங்கள் மூன்று. 1932இல் ஹிட்லருக்கு 37 விழுக்காடு வாக்கு விழுந்தது; வேலையில்லாத் திண்டாட்டத்தில் மக்கள் நிதானம் இழந்தார்கள்; 1949இல் மேற்கு ஜெர்மனியே தன் மக்களை நம்பாமல், குடியரசுத் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த 37. எண் சரிதான். 1932 ஜூலை 31 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 37.3 விழுக்காடு வாக்கு, ஜெர்மன் நாடாளுமன்றமான ரைஷ்டாகின் 608 இடங்களில் 230. பெரும்பான்மைக்கு 305 வேண்டும், 75 குறைகிறது. எதிரணித் தலைவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். ஆனால் வரலாறு நிற்கவில்லையே! அதே ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி மறுபடியும் தேர்தல் நடந்தது. நாஜிகளுக்கு 33.1 விழுக்காடு, 584இல் 196 இடம். மூன்றே மாதத்தில் ஏறத்தாழ 20 லட்சம் வாக்குகள் கைவிட்டுப் போயின. சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. கூட்டினால் 221, நாஜிகளைவிட 25 அதிகம். அந்த இரண்டு கட்சிகளும் கைகோக்கவில்லை என்பது உண்மை. சமூக ஜனநாயகவாதிகளைச் சமூகப் பாசிஸ்டுகள் என்று கம்யூனிஸ்ட் தலைமை ஏசிக்கொண்டிருந்தது. அந்த முடிவை எடுத்ததும் தலைமைதான், வாக்காளர் இல்லை.

குடியரசுத் தலைவர் தேர்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று மார்ச் 13, இரண்டாம் சுற்று ஏப்ரல் 10. இறுதி முடிவில், ஏற்கெனவே பதவியில் இருந்த ஹிண்டன்பர்க் 53.0, ஹிட்லர் 36.8, கம்யூனிஸ்ட் வேட்பாளர் டேல்மன் 10.2 விழுக்காடு. ஆக 1932இல் மட்டும் நாடு முழுவதும் நான்கு முறை வரிசையில் நின்று வாக்களித்தார்கள். நான்கு முறையும் ஹிட்லருக்குப் பெரும்பான்மை கொடுக்கவில்லை. மூன்றில் ஒருவர் வெறுப்பு அரசியலுக்கு வாக்களித்தார் என்பது வேதனையான உண்மை. அதை நான் பூசி மெழுக வரவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வாக்கு ஆட்சியாக மாறியது எப்படி என்பதுதான் கேள்வி.

அதற்கு அன்றைய ஜெர்மன் குடியரசின் வைமார் அரசியலமைப்பின் உள்ளே போக வேண்டும். 1919 ஆகஸ்ட் 11இல் கையெழுத்தான அந்தச் சட்டத்தில் மூன்று பிரிவுகளை மட்டும் பாருங்கள். பிரிவு 53: அரசின் தலைவரான சான்சலரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். பிரிவு 48: பொது ஒழுங்குக்கு ஆபத்து வந்தால் அவர் அவசர ஆணை பிறப்பிக்கலாம், அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கலாம், ஆனால் ரைஷ்டாக் கேட்டால் ஆணையைத் திரும்பப் பெற வேண்டும். பிரிவு 25: அவர் ரைஷ்டாகைக் கலைக்கலாம், 60 நாளுக்குள் தேர்தல் வைக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. 48ஐயும் 25ஐயும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தால் என்ன ஆகும்? ஆணை போடு, மன்றம் எதிர்த்தால் மன்றத்தைக் கலை, மன்றம் இல்லாத அந்த 60 நாளில் அதே ஆணையை மறுபடியும் போடு. காவலுக்குப் போட்ட வேலி பயிரை மேய்வதற்கு இவ்வளவு போதும். (போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு வைமார் பழக்கமான பெயர். நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கும் நம் ஏற்பாட்டுக்கு முன்மாதிரி அங்கிருந்து வந்ததாகத்தான் பாடநூல்கள் சொல்கின்றன.)

இது கற்பனை இல்லை, நடுவர் அவர்களே. 1930 மார்ச் 27இல் சமூக ஜனநாயகக் கட்சியின் சான்சலர் ஹெர்மன் முல்லரின் கூட்டணி ஆட்சி கவிழ்ந்தது. காரணம், ஊதியத்தில் 3.5 விழுக்காடாக இருந்த வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை உயர்த்துவதா என்ற சண்டை. பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயம். ஆனால் ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்த ராணுவ, நிலக்கிழார் வட்டம் சமூக ஜனநாயகவாதிகள் இல்லாத, மன்றத்தை நம்பியிராத ஆட்சி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. புரூனிங் சான்சலர் ஆனார். ஜூலையில் அவருடைய நிதி மசோதாவை ரைஷ்டாக் நிராகரித்தது. அதை அவசர ஆணையாகப் போட்டார்கள். ஜூலை 18இல் ரைஷ்டாக் ஆணையை ரத்து செய்தது. அன்றைக்கே மன்றம் கலைக்கப்பட்டது. சில நாளில் ஆணை திரும்ப வந்தது.

அந்த மன்றத்தின் நான்காண்டுக் காலம் 1932 மே வரை இருந்தது. அதில் நாஜிகளுக்கு 12 இடம்தான். பொருளாதாரம் சரிந்துகொண்டிருக்கும் நேரத்தில், கலைக்கத் தேவையில்லாத மன்றத்தைக் கலைத்து, செப்டம்பர் 14இல் தேர்தல் வைத்தார்கள். 12 என்பது 107 ஆயிற்று. வாக்களித்தவர்கள் மக்கள், மறுக்கவில்லை. அந்த நாளைக் குறித்தவர்கள் யார்?

அதன் பிறகு ரைஷ்டாக் நிறைவேற்றிய சட்டங்களையும் பிறப்பிக்கப்பட்ட அவசர ஆணைகளையும் எண்ணிப் பாருங்கள். 1930இல் சட்டம் 98, ஆணை 5. 1931இல் சட்டம் 34, ஆணை 44. 1932இல் சட்டம் 5, ஆணை 66. ஹிட்லர் சான்சலர் ஆவதற்கு முன்பே நாடாளுமன்றம் மூச்சை இழந்துவிட்டது. அதை மூச்சுத்திணற வைத்த கைகளில் வாக்குச்சீட்டு இல்லை, ஆணைத்தாள் இருந்தது.

இரண்டாவது வாதம், வேலையில்லாத் திண்டாட்டம். 60 லட்சம் பேர் வேலையிழந்து நின்றார்கள். அந்தத் துயரத்தை யாரும் சிறிதாக்க முடியாது. ஆனால் வேலையிழந்த தொழிலாளி பெரும்பாலும் சாய்ந்தது கம்யூனிஸ்டுகள் பக்கம். நாஜிகள் கொழுத்தது புராட்டஸ்டன்ட் கிராமங்களிலும் சிறுநகரங்களிலும். இன்னொன்று: ஊதியத்தை வெட்டியது, உதவித்தொகையைக் குறைத்தது, விலையையும் கூலியையும் வலுக்கட்டாயமாக இறக்கியது எல்லாம் புரூனிங்கின் அவசர ஆணைகள். நெருக்கடியின் மேல் நெருக்கடியாக விழுந்த அந்தக் கொள்கையை மாற்றச் சொல்ல மக்களுக்கு எந்த மன்றம் மிச்சம் இருந்தது? பேச வழியடைத்துவிட்டு, ஏன் கத்தினாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இனி பாப்பென். 1932 ஜூன் 1இல் சான்சலர் ஆனவர். புரூனிங் காலத்தில் தடை செய்யப்பட்ட நாஜி அடியாள் படையான எஸ்.ஏ. மீதான தடையை ஜூன் மாதமே நீக்கினார், அதுவும் தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு. தெருவெல்லாம் ரத்தம். ஜூலை 17இல் ஆல்டோனா மோதலில் 18 பேர் இறந்தார்கள். தடையை நீக்கி வரவழைத்த வன்முறையையே காரணம் காட்டி, ஜூலை 20இல் பிரிவு 48ஐக் கொண்டு பிரஷ்ய மாநில அரசைப் பதவி நீக்கினார். பிரஷ்யா என்றால் ஜெர்மன் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. நாட்டின் மிகப் பெரிய காவல்துறை, குடியரசை ஆதரித்த அரசின் கையில் இருந்தது அங்கேதான். அது ஒரே நாளில் பறிபோயிற்று. ஆறு மாதம் கழித்து ஹிட்லரின் கூட்டாளி கோரிங் வந்து அமர்ந்த நாற்காலி அப்போதே காலியாக்கி வைக்கப்பட்டுவிட்டது. செப்டம்பர் 12இல் பாப்பென் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம்: எதிராக 512, ஆதரவாக 42. நாற்பத்திரண்டே பேர் ஆதரித்த ஒரு மனிதர்தான் ஹிட்லருக்குக் கதவு திறந்தார்.

1933 ஜனவரி 4, கொலோன் நகரில் வங்கியாளர் ஷ்ரோடர் வீட்டில் பாப்பென், ஹிட்லர் சந்திப்பு. ஜனவரி 22, பெர்லினின் டாலெம் பகுதியில் நாஜிக் கட்சிக்காரர் ரிப்பென்ட்ராப் வீட்டில் இன்னொரு சந்திப்பு. ஹிண்டன்பர்க்கின் மகனும் அங்கே இருக்கிறார். ஜனவரி 28, பாப்பெனுக்குப் பின் சான்சலரான ஷ்லைஹர் விலகுகிறார். ஜனவரி 30, ஹிட்லர் பதவியேற்கிறார். அது ஒரு திங்கட்கிழமை. அன்று ஜெர்மனியில் எந்த வாக்குச்சாவடியும் திறந்திருக்கவில்லை.

கணக்கு என்ன? அமைச்சரவையில் நாஜிகள் மூவர் மட்டும்: ஹிட்லர், ஃபிரிக், கோரிங். துணைச் சான்சலர் பாப்பென். பொருளாதாரமும் வேளாண்மையும் தேசியக் கட்சித் தலைவர் ஹுகன்பெர்க்கிடம். மூவரை நடுவில் வைத்துச் சுற்றி நின்றுகொள்ளலாம் என்று நினைத்தார்கள். தலைகளை எண்ணியவர்கள் இலாகாவை எண்ணவில்லை. ஃபிரிக்கிடம் உள்துறை. கோரிங்கிடம் பிரஷ்யக் காவல்துறை. பிப்ரவரி 22இல் கோரிங், அடியாள் படையினர் உள்ளிட்ட 50,000 பேரைத் துணைக் காவலர் ஆக்கினார். பிப்ரவரி 27 இரவு ரைஷ்டாக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பிரிவு 48இன் கீழ் பேச்சு, பத்திரிகை, கூட்டம், தனிநபர் சுதந்திரம் எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டன. இவ்வளவு அடக்குமுறைக்குப் பிறகும் மார்ச் 5 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 விழுக்காடு. அப்போதும் பாதியைத் தாண்டவில்லை.

மார்ச் 23, க்ரோல் ஆப்பெரா அரங்கு, அதிகாரமளிப்புச் சட்டம். அரசே மன்றம் இல்லாமல் சட்டம் இயற்றலாம் என்பது அதன் சாரம். இங்கே கொஞ்சம் நிதானமாகக் கூட்டிக் கழிக்க வேண்டும். அரசியலமைப்பை மாற்ற, மொத்தம் 647 உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 432 பேர், வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். எதிர்க்கட்சிகள் வராமலே தடுத்துவிடுமோ என்று அஞ்சி, தக்க காரணமின்றி வராதவரையும் வந்தவராகக் கொள்ளலாம் என்று அவை விதியைத் திருத்தினார்கள். கம்யூனிஸ்டுகள் 81 பேரில் ஒருவரையும் உள்ளே விடவில்லை. சமூக ஜனநாயகவாதிகள் 120 பேரில் 26 பேர் சிறையில் அல்லது தலைமறைவில். ஆதரவு 444, எதிர்ப்பு 94, மொத்தம் 538. அதில் மூன்றில் இரண்டு 359. நாஜிகள் 288, கூட்டாளித் தேசியக் கட்சி 52, சேர்த்தால் 340. போதவில்லை!

போதாத அந்த வாக்கைக் கொடுத்தவர்கள் யார்? லூட்விக் காஸ் தலைமையிலான கத்தோலிக்க மையக் கட்சியும், அதன் பவேரியத் தோழமைக் கட்சியும், மிச்சமிருந்த சில தாராளவாதிகளும். மையக் கட்சியும் பவேரியர்களும் சுமார் 90 வாக்குகள். அவை எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் 444 என்பது 359க்குக் கீழே இறங்கி, சட்டம் அந்த அரங்கிலேயே தோற்றிருக்கும். உரிமைகளைக் காப்பதாக ஹிட்லர் எழுத்தில் தருவார் என்று காஸ் நம்பினார். அந்தக் கடிதம் வரவே இல்லை. அரங்கைச் சுற்றிச் சீருடைப் படை நின்றது, பயம் இயல்பு என்பார்கள். அதே அரங்கில், அதே படைக்கு நடுவில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவர் கட்சியின் 94 பேரும் எதிர்த்தே வாக்களித்தார்கள்.

ஜெர்மனி மட்டும்தானா என்று கேட்பீர்கள். இத்தாலிக்குப் போவோம். 1921 தேர்தலில் பாசிஸ்டுகளுக்கு 535இல் 35 இடம், அதுவும் அன்றைய பிரதமர் ஜொலித்தி தன் கூட்டணிப் பட்டியலில் இடம் கொடுத்ததால். 1922 அக்டோபர் 28 காலையில், ரோமை நோக்கித் திரண்ட பாசிஸ்டுகளைத் தடுக்கப் பிரதமர் ஃபாக்தா கொண்டுவந்த ராணுவச் சட்ட ஆணையில் மன்னர் கையெழுத்திட மறுத்தார். முசோலினி மிலானிலிருந்து ரயிலேறி வந்து பதவியேற்றார்.

பெல்ஜியத்தைப் பாருங்கள். 1936இல் டெக்ரெல் என்பவரின் தீவிர வலதுசாரி ரெக்ஸ் கட்சி 202இல் 21 இடம் பிடித்தது. மக்கள் அங்கும் கோபத்தில்தான் இருந்தார்கள். 1937 ஏப்ரல் 11இல் பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தலில் டெக்ரெல் தானே நின்றார். கத்தோலிக்கர், தாராளவாதிகள், சோசலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள் எல்லாரும் தனித்தனியே நிற்காமல் பிரதமர் ஃபான் சீலண்ட் ஒருவரையே ஆதரித்தார்கள். ரெக்ஸுக்கு வாக்குப் போடுவது மட்டுமல்ல, வெற்றுச்சீட்டு போடுவதும் கூடாது என்று கர்தினால் ஃபான் ரோய் அறிவித்தார். டெக்ரெலுக்கு 20 விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை. 1939இல் அவர் கட்சி நான்கு இடமாகச் சுருங்கியது. பின்லாந்திலோ, தீவிர வலதுசாரி லப்புவா இயக்கத்தின் ஆதரவோடு 1931இல் குடியரசுத் தலைவரானவர் ஸ்வின்ஹுஃப்வுத். மறு ஆண்டே அந்த இயக்கத்தார் மன்ட்சாலாவில் ஆயுதத்தோடு திரண்டபோது, அவர் வானொலியில் பேசி வீட்டுக்குத் திரும்பச் சொன்னார். திரும்பினார்கள். அவரும் பழமைவாதிதான், ஹிண்டன்பர்க்கும் பழமைவாதிதான்.

கடைசி வாதம், 1949. நேரடித் தேர்தலை எடுத்தது உண்மை. தேசிய அளவில் பொதுவாக்கெடுப்பைத் தவிர்த்ததில் மக்கள் மேல் கொஞ்சம் ஐயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹிண்டன்பர்க். சோசலிஸ்டும் கத்தோலிக்கரும் ஹிட்லரைத் தடுக்கவே அவருக்கு வாக்களித்தார்கள். அந்த வாக்கை வாங்கியவரே ஒன்பது மாதத்தில் ஹிட்லரை நியமித்தார். 1949இன் அரசியலமைப்பை எழுதப் பான் நகரில் கூடியவர்கள் வயது வந்தோர் வாக்குரிமையில் கை வைக்கவில்லை. அவசர ஆணை அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடமிருந்து எடுத்தார்கள். கலைக்கும் அதிகாரத்தைச் சுருக்கினார்கள். பிரிவு 67இன்படி, அடுத்த சான்சலரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவரை இறக்க முடியும் என்றார்கள். 1972இல் சான்சலர் பிராண்ட்டை இறக்க முயன்ற எதிர்க்கட்சித் தலைவர் பார்சலுக்கு இரண்டு வாக்கு குறைந்தது, பிராண்ட் நீடித்தார். 1982 அக்டோபர் 1இல் சான்சலர் ஷ்மிட் இறங்கிய அதே வாக்கெடுப்பில் கோல் தேர்வானார். நாடு ஒரு நாள்கூட அரசின்றி இருக்கவில்லை. பூட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள் நடுவர் அவர்களே: வாக்குச்சாவடி திறந்தே இருக்கிறது, பூட்டு தொங்குவது 1933 ஜனவரியில் திறந்து கிடந்த அந்த அறைகளில்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.