எண்ணெய் இருந்தும் திவால்

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் செம்பூரிலும் மாகுலிலும் குடியிருப்பவர்களுக்குச் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்று திசை மாறினால் மூக்கே சொல்லிவிடும். ஐம்பதுகளில் எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் அங்கே கட்டிய ஆலைகள்தாம் இன்று இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்ற பெயர்களில் ஓடுகின்றன. அந்தத் தொழிலில் இருப்புக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நாட்டில் எண்ணெய் ஆலை திவாலானாலும் எங்கள் கட்டடத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "ஏன் அண்ணாச்சி, அவர்களுக்கு எண்ணெய் தீர்ந்துபோனதா?"

கடல் வழியாகக் கச்சா எண்ணெய் வாங்கும் ஆலை, உலகத்தில் எண்ணெய் தீர்ந்து மூடுவதில்லை. பெரும்பாலும் லாபம் தேய்ந்து, கடன் நின்றுபோய்த்தான் மூடுகிறது. பெட்ரோபிளஸ் என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்தைப் பாருங்கள். இங்கிலாந்து, பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என ஐந்து நாடுகளில் நாட்டுக்கு ஓர் ஆலை வைத்திருந்தது. எண்ணெய்க் கிணறு ஒன்றுகூடக் கிடையாது. கச்சாவை வாங்கி, காய்ச்சி, விற்று, இடையில் நிற்கும் லாபத்தில் பிழைப்பு. ஐரோப்பாவில் அந்த லாபம் தேய்ந்துகொண்டே வந்தது. 2011 டிசம்பரில் வங்கிகள் சுமார் 100 கோடி டாலர் கடன் வசதியை முடக்கின. அடுத்த மாதமே திவால்.

ஏன் இவ்வளவு வேகம்? அப்போது ஒரு பீப்பாய் கச்சா சுமார் 110 டாலர். ஏழு லட்சம் பீப்பாய் ஏற்றிய ஒரே ஒரு கப்பலுக்கு 7.7 கோடி டாலர் ஆகிறது. அது பெட்ரோலாகி, விற்று, காசு கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். நடுவில் வங்கி கடன் கொடுத்தால்தான் கப்பல் வரும். மாட்டுங்காவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இது உடனே புரியும். மொத்த வியாபாரி 'இனிமேல் ரொக்கம்தான்' என்றால் அடுத்த வாரமே பாதி அலமாரி காலி.

இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் கோரிட்டன் ஆலை, லண்டனுக்கும் தென்கிழக்குப் பகுதிக்கும் வேண்டிய எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கைத் தந்துவந்தது. பதற்றம் இருக்கத்தானே செய்யும்? ஆலை கொஞ்ச காலம் அடுத்தவர் கச்சாவைக் கூலிக்குச் சுத்திகரித்துக் கொடுத்து ஓடியது. வாங்க ஆள் வரவில்லை. அந்த ஆண்டே மூடிவிட்டார்கள். ஆனால் லண்டன் நின்றுவிடவில்லை. பெட்ரோல் கப்பலில் வந்தது.

வேடிக்கையைக் கேளுங்கள். அதே 2012 மார்ச்சில் அதே நாட்டில் பெட்ரோல் பங்குகள் வறண்டன. காரணம் ஆலை அன்று. டேங்கர் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்ற பேச்சு. வீட்டில் ஒரு கேனில் பெட்ரோல் வைத்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் பிரான்சிஸ் மாட் வேறு வாயை விட்டார். ஊரே வரிசையில் நின்றது. வேலைநிறுத்தமோ கடைசிவரை நடக்கவே இல்லை!

நம் மும்பையும் சளைத்ததல்ல. 2024 புத்தாண்டில் லாரி ஓட்டுநர்கள் புதிய விபத்துச் சட்டப் பிரிவை எதிர்த்து வண்டியை நிறுத்தியபோது, நள்ளிரவிலும் பங்குகளில் வரிசை நின்றது. சாதாரண நாளில் பல வண்டிகள் அரை டேங்கோடுதான் ஓடுகின்றன. எல்லோரும் ஒரே நாளில் நிரப்பினால், நிறுத்தமே இல்லாவிட்டாலும் பங்கு வறண்டுவிடும்.

"இத்தனை நாளைக்கு இருப்பு இருக்கிறது" என்று செய்தியில் சொல்கிறார்கள் அல்லவா? அங்கேதான் என் பழைய தொழில் குறுக்கே வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. தொட்டியின் இருப்பை அளப்பதை 'டிப் எடுப்பது' என்போம். பித்தளைக் குண்டு கட்டிய நாடாவில் ஒரு பசையைத் தடவி, தொட்டியின் உச்சியிலிருந்து இறக்குவோம். பெட்ரோல் பட்ட இடம் வரை பசை நிறம் மாறும். குண்டில் தடவும் பசை வேறு. அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். வெயிலில் பெட்ரோல் விரியும், ஆகவே சூட்டையும் அளந்து கணக்கைத் திருத்த வேண்டும். மத்தியான டிப்பையும் விடியற்கால டிப்பையும் அப்படியே ஒப்பிட்டு ஒருவரையொருவர் சந்தேகப்பட்ட புதுப் பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அத்தனையையும் எடுக்க முடியாது. வெளியேறும் குழாய் தொட்டியின் அடியைவிடச் சற்று மேலே இருக்கும். பெரிய பெட்ரோல் தொட்டிகளின் கூரை எண்ணெயின் மேல் மிதக்கும். அதன் கால்கள் தரையில் ஊன்றும் மட்டத்துக்குக் கீழே சாதாரணமாக இறக்க மாட்டார்கள். அந்த அடிச்சரக்கு கணக்கில் இருக்கும், லாரியில் ஏறாது. மறுபடியும் சொல்கிறேன்: இருக்கும், ஏறாது. இருப்பு இத்தனை நாள் என்று யாராவது சொன்னால், அடிச்சரக்கைக் கழித்தீர்களா என்று கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டே நிமிடம் என்று. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து நம் அரசு அமைத்திருக்கும் சேமிப்புக்கு 53 லட்சம் டன் கொள்ளளவு உண்டு. விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: அது கச்சா. ஆலை ஓடினால்தான் பெட்ரோல். பிரான்சில் பெட்ரோபிளஸ் தொழிலாளர்கள் சரக்கை வெளியே விடாமல் ஆலை வாயிலை மறித்த கதையும் மிச்சம் இருக்கிறது. நிலையத்தார் இன்னொரு முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.