தாம்பரத்துக்கு அப்பால்

நண்பர்களே, சென்னைப் புறநகரின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதை மனை விற்பவர்கள் எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள். மின்சார ரயிலில் கையில் திணிக்கிற நோட்டீஸைப் படித்திருப்பீர்கள்: ‘ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிடம், சுவையான குடிநீர், விரைவில் மெட்ரோ.’ அந்தப் பத்து நிமிடத்தை எந்த வண்டியில் போய் அளந்தார்களோ!

இந்தக் கனவு பழையதுதான். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்டார்கள். பட்டணத்தில் உத்தியோகம், கிணறும் தென்னையுமாக வெளியே ஒரு வீடு. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் அது பலருக்குப் பலிக்கவும் செய்தது. அப்புறம் வீடு அடுக்குமாடி ஆனது, கிணற்றை மூடி கார் நிறுத்தினோம், தண்ணீர் லாரிக்கு போன் போட்டோம்.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டுத்தான் ஆட்களை மீட்டார்கள். அடையாறு போகிற வழி, அதில் கலக்கும் ஏரிகளின் உபரிநீர் போகிற வழி, எல்லாம் கிராம வரைபடத்தில் இருந்தன. நோட்டீஸில்தான் இல்லை.

அரசாங்கத்தின் கற்பனையும் இதே மாதிரிதான், அளவுதான் பெரிது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்தார்கள். நல்ல கட்டடம், குறை சொல்லமாட்டேன். ஆனால் தண்டவாளம் எதிரிலேயே ஓடியும் அன்றைக்கு அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் கிடையாது. பெட்டியும் பையும் குழந்தையுமாக வந்து இறங்கியவர்கள், ரயில் பிடிக்க இன்னொரு பஸ் ஏறி வண்டலூருக்கோ தாம்பரத்துக்கோ போனார்கள். திட்ட வரைபடத்தில் எல்லாம் சேர்ந்தேதான் இருந்திருக்கும்.

சரி, நாம் என்ன கற்பனை செய்கிறோம்? பெரும்பாலும், எவ்வளவு சீக்கிரம் சென்னைக்குள் போய்விடலாம் என்பதைத்தான். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 70 வார்டு. இன்னமும் நல்ல ஆஸ்பத்திரி, நல்ல காலேஜ் என்றால் கிண்டிக்கு வடக்கேதான் தேடுகிறோம். எனக்குத் தெரிந்து வேறு மாதிரி யோசித்தவர்கள் சிட்லபாக்கத்துக்காரர்கள். 2019-ல் ஊர் தண்ணீருக்குத் தவித்தபோது, அவர்களே ஏரிக்குள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். அரசு வேலை அதற்குப் பின்னால்தான் வந்தது.

சென்னைப் பெருநகரத்துக்கு மூன்றாம் மாஸ்டர் பிளான், அதாவது எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் திட்டம், தயாராகிறது, 2046 வரைக்கும். வரைவு வெளிவந்தால் உங்கள் தெருவைச் சுற்றி எந்தெந்த சர்வே எண்களில் ஏரியும் கால்வாயும் காட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அவகாசம் முடிவதற்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள். மெட்ரோ எங்கே நிற்கும் என்று அப்புறம் தேடிக்கொள்ளலாம்.