புளி அவருக்கு, உடைந்த ஓடு எங்களுக்கா?

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் உள்ள எங்கள் வளவுக் காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு, வடக்கு வேலிக்கு அப்பால் நிற்கும் புளியமரத்தைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கடந்த கிழமைக் காற்றில் அதன் உக்கிய கொப்பு முறிந்து எங்கள் அடுப்படிக் கூரையில் விழுந்து, ஏழு ஓடுகளை நொறுக்கிவிட்டது. "காற்றுக்கு நானா பொறுப்பு?" என்று கேட்ட, மரத்துக்குச் சொந்தக்காரரான அடுத்த வளவு ஐயா, அந்தக் கொப்பில் கிடந்த புளியை மட்டும் மறக்காமல் கடகத்தில் பொறுக்கிச் சென்றார்.

உடைந்தவை ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை இயங்கிய காலத்து ஓடுகள். புதிய ஓடு அவற்றுடன் பொருந்தாமல் அரை விரல் இடைவெளி விடுவதால், மழைத்தண்ணீர் நேரே அம்மாவின் மிளகாய்த்தூள் போத்தல் மீது சொட்டுகிறது. தகரம் போடச் சொல்பவர்கள், சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் ஒருநாள் சமைத்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இலங்கையில் அயல் காணிக்காரரின் கடமைகளைப் பெரும்பாலும் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம டச்சுச் சட்டமே தீர்மானிக்கிறது. எல்லை தாண்டிய கொப்பை அகற்றுமாறு முதலில் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். நியாயமான காலத்துக்குள் அவர் அகற்றாவிட்டால், எல்லைக்கோடு வரை நாமே வெட்டலாம். கேட்காமலே இரவோடிரவாக வெட்டிவிடுங்கள் என்று சிலர் சொல்லும் ஆலோசனை எனக்கு அறவே பிடிக்கவில்லை. சேதத்துக்கு நட்டஈடு கேட்பதானால் கவனயீனத்தைக் காட்ட வேண்டும். சொல்ல விட்டுப்போனது, கொப்பு உக்கியிருப்பதை மாரிக்கு முன்பே கிராம சேவையாளர் முன்னிலையில் ஐயாவிடம் சொல்லியிருந்தோம்; ஆகவே காற்றின் மீது பழி போட்டு அவர் எளிதில் தப்ப முடியாது.

புளி விடயம் இன்னும் சுவையானது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட, வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி, ஒருவர் நட்டு வளர்த்த மரம் அயல் வளவுக்குள் சாய்ந்தாலும் பழம் நட்டவருக்கே உரியது. ஆனால் புளி, இலுப்பை, வேம்பு போலத் தானாக முளைத்த மரமாயின், அயல் காணிக்கு மேலே நீளும் கொப்புகளின் பலன் அந்த அயலவருக்கே சேரும். குரங்கு போட்ட கொட்டையில் முளைத்த மரம் என்று எங்கள் பொங்கல் காணொளியில் பெருமையாகச் சொன்னவர் ஐயாவேதான்!

நீதிமன்றத்துக்கு ஓடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. 1988 இன் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும், பிணக்குகளைப் பேசிச் சமரசமாகத் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கு, ஓட்டின் விலையையும் மீதிக் கொப்புகளை வெட்டும் கூலியையும் கேட்டு விண்ணப்பம் எழுதியாகிவிட்டது. புளியையும் அதில் சேர்க்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார்.