அழைக்க வேண்டியவர் பெற்றோரே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், சாப்பிட்டு வந்த பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் அவையோருக்கும் வணக்கம். குழந்தையின் பிறந்தநாள் அழைப்பிதழில் பேச வேண்டியவர் பெற்றோரா, குழந்தையா என்பது தலைப்பு. பெற்றோரே என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, ஒரு வயதுக் குழந்தையே 'ஹாய், எனக்கு ஹேப்பி பர்த்டே, எல்லாரும் வாங்க' என்று கூப்பிடுவதுபோல எழுதினால்தான் அழைப்பிதழுக்கு உயிர் வரும் என்றார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். அப்படி உயிர் வந்த ஓர் அழைப்பிதழ் என்ன செய்தது என்பதையும் கேளுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் உறவில் ஒரு பெரியப்பா இருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்த ஒரு படம் அவருக்கு வந்து சேர்ந்தது. பலூன்கள், ஒரு கரடிப் பொம்மை, நடுவில் இந்த வாசகம்: 'அன்புள்ள மாமா, அத்தை! நான் உங்கள் பட்டுக்குட்டி. எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வயசு. சாயங்காலம் 6 மணிக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க.' அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை, தெருப் பெயரும் இல்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் தெருப் பெயர் எப்படித் தெரியும்? அந்த வகையில் எழுதியவர் நேர்மையானவர்தான்.

யார் வீட்டுப் பட்டுக்குட்டி என்று கேட்டால் சொந்தப் பேரனையே மறந்துவிட்டார் என்று பேசுவார்களே என்று பயந்த பெரியப்பா, மதுரையில் இருக்கும் தம்பி மகன் தன் பிள்ளையை அப்படிக் கொஞ்சியது நினைவுக்கு வரவே, வெள்ளி அரைஞாண்கொடியும் 2 கிலோ கடலைமிட்டாயும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார். கதவைத் திறந்தவன் லுங்கியோடு நிற்கிறான். பலூன் இல்லை, கேக் இல்லை, ஒரு செருப்புகூட வாசலில் அதிகமில்லை. 'பட்டுக்குட்டி எங்கேடா?' 'தூங்குகிறான் பெரியப்பா.' 'பிறந்தநாளும் அதுவுமாகவா?'

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் அந்தத் தம்பி மகனாக நின்று பாருங்கள். அறுபது மைலுக்கு மேல் வந்து நிற்கும் பெரியவரிடம், 'பிறந்தநாள் எங்கள் வீட்டில் இல்லை' என்று எந்த வாயால் சொல்வது? பின்வாசல் வழியாக பேக்கரிக்கு ஓடினான். அவசரத்தில் 1 என்ற மெழுகுவர்த்தியே வாங்கினான். தூக்கத்திலிருந்து எழுப்பிய பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, 'எனக்கு நாலு வயசு' என்று அழுதது. பெரியப்பா அசரவில்லை. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு வயதிலேயே கணக்குச் சொல்கிறார்கள்' என்றார். அரைஞாண்கொடி இடுப்புக்கு எட்டவில்லை. கருப்புக் கயிறு வைத்து நீட்டிக் கட்டினார்கள்.

உண்மையான பிறந்தநாள் அதே மதுரையில் திருநகரில் நடந்தது. அங்கே தாய்மாமன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'அப்பாவின் மேலாளர் முதல் மாடிவீட்டுக்காரர் வரை எல்லாரையும் மாமா என்று கூப்பிட்டுவிட்டீர்கள். தங்கச் சங்கிலி கொண்டுவந்த நான் இதில் எந்த மாமா?' என்றாராம். எதிரணித் தங்கை பதில் சொல்லட்டும்.

இலக்கியத்தில் குழந்தை கூப்பிடவில்லையா என்பார்கள். கூப்பிட்டது. பெரியாழ்வார் பாசுரத்தில் கண்ணன் சிறு கைகளைக் காட்டியும், முற்றாத மழலையிலும் நிலாவை அழைக்கிறான், நிலா வரவில்லை. தாய்தான் எடுத்துச் சொல்கிறாள், சக்கரத்தை எறிந்துவிடுவான் என்றுகூட மிரட்டுகிறாள். பின்னால் வந்த பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று தனியாகவே உண்டு. குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைச் சாமம், பேதம், தானம், தண்டம் என நான்கு வழியிலும் அழைப்பார்கள். அங்கும் பேசுவது குழந்தை அல்ல.

இன்னொன்று. 'எனக்கு ரிமோட் கார்தான் பிடிக்கும்' என்று ஓர் அழைப்பிதழில் படித்தேன். எழுதியது அப்பா, கேட்பது குழந்தை. சொந்தப் பெயரில் கேட்கக் கூசுவதைப் பல் முளைக்காத வாயால் கேட்பது என்ன நியாயம்?

தங்கை ஒரு கிண்டலும் செய்தார். 'உங்கள் அழைப்பிதழ் ஒரு வாக்காளர் பட்டியல். 16 பெயர்களுக்கு அடியில் தேடினால் குழந்தை கிடைக்கும்' என்றார். ஆமாம், வாக்காளர் பட்டியல்தான். ஒரு சின்ன அத்தையின் பெயர் விட்டுப்போனால் அடுத்த மூன்று விசேஷங்களுக்கு என்ன நடக்கும் என்று இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டையை வாங்கியவர் நான்காவது பெயரைப் பார்த்ததும்தான், இவர் நம் வீட்டுக் காதுகுத்துக்கு என்ன செய்தார் என்று மொய் நோட்டைப் புரட்டுகிறார். ஒரு வயதுக் குழந்தைக்குத் தனியாக யாரைத் தெரியும்? வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் 16 பெயர்களில் ஏதோ ஒன்றுக்காகத்தான் வருகிறார்கள், தங்கையே. வந்த பிறகு, தூக்கிக் கொஞ்சிய பிறகு, அவர்கள் அந்தக் குழந்தைக்கும் சொந்தமாகிவிடுகிறார்கள்.

என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது அவன் அப்பா குவைத்தில் இருந்தார். பிள்ளை பிறந்ததையே கைப்பேசியில்தான் பார்த்தவர். இந்த நாளுக்காவது வந்துவிடலாம் என்றிருந்தார், விடுப்பு கிடைக்கவில்லை. அட்டை அடிக்கும்போது, வர முடியாதவன் பெயர் எதற்கு, குழந்தை கூப்பிடுவதுபோலப் போட்டுவிடலாம் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். அந்த மனிதர் அங்கிருந்து கேட்டது ஒன்றுதான்: 'வாசலில் நின்று கூப்பிடத்தான் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அட்டையிலாவது நான் கூப்பிடுகிறேன்.' 'எங்கள் அருமை மகனின் முதலாம் ஆண்டு நிறைவு விழாவிற்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறோம்' என்று அச்சிட்டு, அடியில் முதல் பெயராக அவர் பெயரைப் போட்டார்கள். அவருடைய அம்மா குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அந்த அட்டையைக் கொடுத்தார்.

அன்று மழை. ஆனாலும் தெருவே வந்தது. நனைந்த குடையை மடக்கிக்கொண்டே உள்ளே நுழைந்த ஒவ்வொருவரும் அந்தத் தாயிடம், 'உங்கள் மகன் கூப்பிட்டிருந்தார், வந்துவிட்டோம்' என்றார்கள். நன்றி, வணக்கம்.