வெட்டாத சேலை

நடுவர் ஐயா அவர்களே, சபையில் இருக்கிற எங்கள் வன்னிச் சனமே, வணக்கம்.

‘மனிதரை அதிகம் வாட்டுவது செய்த பிழையா, செய்யாமல் விட்டதா?’ செய்யாமல் விட்டதுதான் என்று வாதாட என்னை ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

எதிரணித் தம்பி நல்லாகத்தான் கதைத்தார். பாண்டியனைக் கொண்டுவந்து, “செய்த பிழை அரசனின் உயிரையே குடித்தது” என்றார். வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிற சனத்துக்கே கண்ணகி கதை! சரி தம்பி, நாங்களும் ஒன்று கேட்கலாம்தானே? தட்டான் சொன்னதை நம்பிய பாண்டியன், கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரித்தானா? சிலம்புக்குள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்த்தானா? கேட்காமல் விட்ட கேள்விதான் அவனைக் கொன்றது. அதுவும் அந்த இடத்திலேயே விழுந்து செத்தான். குற்றவுணர்வோடு ஒரு நாள்கூட அவன் சீவிக்கவில்லை. நாங்கள் சீவிக்கிற ஆட்களைப் பற்றியல்லோ கதைக்கிறோம்!

அடுத்தது இரணைமடுக் குளத்துத் தண்ணீர். சிறுபோகத்தில் இரவோடிரவாக வாய்க்காலை மறித்தவர், பக்கத்து வயல் காய்ந்ததைப் பார்த்து நித்திரையில்லாமல் கிடந்தாராம். கிடந்திருப்பார். பிறகு? நீங்களே சொன்னீர்கள், வெட்டு முடிய நாலு மூட்டை நெல்லோடு போய் அந்த வீட்டு வாசல் படலையில் நின்றார் என்று. அந்த மனுசனும் நல்ல கிழி கிழித்துவிட்டு நெல்லை இறக்கினார். (அதற்கு முன்னமே கமக்காரர் கூட்டத்தில் வாங்கிக் கட்டியிருப்பார், அது வேறு கதை.) செய்த பிழைக்குப் போய் நிற்க ஒரு படலை இருக்கிறது ஐயா.

திருப்பிக் கொடுக்க முடியாத பிழைகளும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அப்படிச் செய்தவரையும் ஊர் ஏசும், நீதிமன்றம் கூப்பிடும். செய்யாமல் விட்டவரை ஊர் தேற்றும். அங்கேதான் வில்லங்கம். 2004 மார்கழி 26 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையில் பிள்ளையின் கை நழுவிப்போன தாய்மாருக்கு எல்லாரும் சொன்னது, “உன்னில பிழையில்லை பிள்ளை.” அதைக் கேட்டு எந்தத் தாய் நித்திரை கொண்டாள்?

என் கதைக்கு வருகிறேன். 2009 பங்குனி, கடைசி யுத்த நேரம், முல்லைத்தீவில் அம்பலவன்பொக்கணை. எங்கள் தறப்பாள் கூடாரத்துக்குள் ஒரு கைத் தையல் மெஷின் இருந்தது. ஷெல்லுக்குப் பதுங்குகிற பங்கர் குழிக்கு அடுக்க மண்மூட்டை வேண்டும், சாக்கு இல்லை. சனம் சேலைகளைக் கொண்டுவந்து தந்தது. குறுக்கே வெட்டி, மடித்து, இரண்டு பக்கம் தைத்தால் பை. ஒரு சேலையில் ஆறு வரும். முதல் கூறைச்சேலையை வெட்டும்போது கை கூசியது. மூன்றாவதில் பழகிவிட்டது.

பக்கத்துப் பங்கர் ஆச்சி மாம்பழ நிறத்தில் ஒன்று கொண்டுவந்தா. முந்தானையில் எண்ணெய்க் கறை.

“தலைமாட்டுப் பக்கம் மண் சரியுது பிள்ளை, தைச்சுத் தாறியே?”

“நாளைக்குத் தாறன் ஆச்சி.”

ஊசி முறியவில்லை, நூல் முடியவில்லை. கஞ்சிக்கு வரிசையில் நின்ற அலுப்பு, அவ்வளவுதான். அன்றிரவு ஷெல் ஆச்சியின் பங்கருக்குள் விழுந்தது.

ஆவணியில், இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் ஆச்சியின் மகனைக் கண்டேன். சேலையை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார், ஒரு அடியாவது போடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தேற்றினார்.

“ஷெல்லுக்குச் சேலை நிக்குமே தங்கச்சி? நீங்களே வைச்சிருங்கோ.”

நிற்காதுதான். அது எனக்கும் தெரியும். ஆனால் தைத்துக் கொடுத்திருந்தால், நிற்காத சேலை என்று நானும் மற்றவர்களைப் போலச் சொல்லியிருப்பேன்.

இப்போது புதுக்குடியிருப்பில் தையல் கடை. பள்ளிக்கூடப் பாவாடைக்கு விளிம்படிக்க வந்தாலும் ஆளை இருத்திவைத்தே தைத்துக் கொடுக்கிறேன். “நாளைக்கு வாறனே அக்கா” என்று அவர்கள்தான் கெஞ்சுகிறார்கள்.

மணி அடிக்கிறீர்கள் ஐயா, முடிக்கிறேன். அந்தச் சேலை மெஷின் மேசை லாச்சிக்குள் மடித்தபடி இருக்கிறது. தம்பி, உங்கள் ஆள் நாலு மூட்டை நெல்லை ஒரு படலைக்குக் கொண்டுபோனார். நான் இதை எந்தப் படலைக்குக் கொண்டுபோக?