பாப்பா சாமி கும்பிடுதுன்னு நினைச்சாங்க

பென்னாகரத்துல பெத்தவங்களுக்கும் அங்கன்வாடி டீச்சர்களுக்கும் பேசினதை எழுதி எடுத்தது

எல்லாருக்கும் வணக்கங்க. ஏரியூர்ல இருந்தெல்லாம் பஸ் புடிச்சு வந்திருக்கீங்கன்னு சொன்னாங்க, கைக்குழந்தை வச்சிருக்கவங்க ஃபேனுக்கு கீழ வந்து உக்காந்துக்கங்க, குழந்தை அழுதா அழட்டும், எனக்கு பழக்கம்தான்.

நான் குழந்தைங்களுக்கான நரம்பியல் டாக்டர். நரம்பு டாக்டர்னா சில பேர் மனநல டாக்டர்னு நினைச்சுக்கிட்டு, எம்புள்ளைக்கு ஒண்ணும் பைத்தியம் இல்லன்னு கோச்சுக்கிட்டு எந்திரிச்சு போயிடறாங்க. நாங்க பாக்கறது மூளை, தண்டுவடம், நரம்பு, தசை, அதுவும் இன்னும் வளர்ந்துட்டே இருக்கற மூளை. பெரியவங்களுக்கு இருந்தது போச்சான்னு பாப்பாங்க, குழந்தைக்கு வரவேண்டியது வருதான்னு பாக்கணும். நாலு மாசத்துல தலை நிக்குதா, ஒம்பது மாசத்துல தானா உக்காருதா, ஒன்றரை வயசுக்குள்ள நடக்குதா. வந்தது திரும்பிப் போகுதுன்னா, சிரிச்சிட்டிருந்த புள்ள முகம் பாத்து சிரிக்கறத விட்டுடுச்சுன்னா, அடுத்த வாரம் பாக்கலாம்னு தள்ளாம உடனே கூட்டிட்டு வாங்க.

ஒரு அம்மா ஏழு மாச பையன தூக்கிட்டு வந்தாங்க, நல்லம்பள்ளி பக்கம். தூங்கி எந்திரிச்சதும் அவனுக்கு தலை முன்னால சாயும், ரெண்டு கையும் விரிஞ்சு மடங்கும், ஒரு செகண்டுதான், விட்டுடும், கொஞ்ச நேரத்துல மறுபடி, இப்படி பத்து இருபது தடவை. பாட்டி, எந்திரிச்சதும் சாமி கும்பிடறான்னு சந்தோஷப்பட்டிருக்காங்க. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அழ ஆரம்பிச்சதும் வயித்து வலின்னு கிரைப் வாட்டர், உரம் விழுந்துடுச்சுன்னு சேலையில போட்டு உருட்டி எடுத்தது, ஒரு க்ளினிக்ல கேஸ்னு சொட்டு மருந்து. ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. அந்தம்மா கடைசியா செஞ்ச காரியம்தான் பெரிய காரியம், போன்ல நாப்பது செகண்டு வீடியோ எடுத்துட்டு வந்தாங்க. பாத்தவுடனே எனக்கு வயித்த கலக்குச்சு. இன்ஃபன்டைல் ஸ்பாசம்னு பேர், ஒரு வயசுக்குள்ள வர்ற வலிப்பு, வெட்டி வெட்டி இழுக்காததால வலிப்புன்னே யாருக்கும் தோணாது.

இத முதல்ல எழுதி வச்சது வெஸ்ட்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், 1841-ல, லான்செட் பத்திரிகைக்கு கடிதமா எழுதினாரு, எழுதினது சொந்த மகனப் பத்தி. அந்த குனியறத சலாம்னுதான் அப்ப பேர் சொன்னாங்க. நம்ம பாட்டி பாத்ததும் அதேதான், பாட்டி கண்ணுல தப்பே இல்ல, அது நோய்னு சொல்ல பக்கத்துல ஆள் இல்ல.

அந்த பையனுக்கு இஇஜி எடுத்தோம். தலையில பசை தடவி வயர் ஒட்டுவாங்க, மூளையில ஓடற மின்சாரத்த படிக்கத்தான், கரண்டு எதுவும் வைக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. மருந்து குடுத்து கொஞ்ச நாள்ல வலிப்பு நின்னுச்சு. ஆனா வளர்ச்சி பின்னாடிதான் இருக்கு, ஒன்றேகால் வயசுலதான் உக்காந்தான், இன்னும் பேச்சுப் பயிற்சி நடக்குது. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா எப்படி இருந்திருப்பான்னு என்னால உறுதியா சொல்ல முடியல, ஆனா இந்த வலிப்புல சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கறது ரொம்ப முக்கியம்.

அதனால என் வேலையில முக்காவாசி கேக்கறதுதான். பொறந்ததும் அழுதானா, எடை எவ்ளோ, கல்யாணம் சொந்தத்துலயான்னு கேப்போம். தாய்மாமன கட்டுனீங்களான்னு கேட்டா தப்பா நினைக்காதீங்க, ஒரே குறை ரெண்டு பக்கமும் இருந்தா குழந்தைக்கு இறங்கற சில நோய் இருக்கு, அதுக்குத்தான் கேக்கறது. டீச்சருங்க கவனிங்க, பாடம் நடக்கும்போது ஒரு புள்ள பத்து செகண்டு அப்படியே வெறிச்சுப் பாத்து கண்ண சிமிட்டிட்டு விட்ட இடத்துலருந்து எழுதுதுன்னா, கவனம் இல்லன்னு அடிக்காதீங்க, அதுவும் வலிப்பா இருக்கலாம்.

எல்லா வலிப்பும் இவ்ளோ பெரிசு இல்ல. ஆறு மாசத்துலருந்து அஞ்சு வயசு வரைக்கும் காய்ச்சல்ல வர்ற வலிப்பு பெரும்பாலும் தானா நின்னுடும், எல்லாத்துக்கும் ஸ்கேன் வேண்டாம். எது வந்தாலும் கையில சாவி குடுக்காதீங்க, வாயில ஸ்பூன் விடாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. ஒருபக்கமா சாய்ச்சு படுக்க வச்சு மணி பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108.

அப்புறம் மருந்து. பெங்களூர் நிமான்ஸ் போக வேண்டியிருந்தா போங்க, நல்ல ஆஸ்பத்திரி, ஆனா அடுத்த தேதி வர்றதுக்குள்ள மாத்திரை தீர்ந்துடுச்சுன்னு பத்து நாள் சும்மா இருந்துடாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு முன்னவிட மோசமா திரும்பலாம். தீர ஒரு வாரம் இருக்கும்போதே சீட்ட எடுத்துட்டு பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்கு போயி, இந்த மருந்து கிடைக்குமான்னு கேளுங்க.

பேசினது போதும். போன்ல வீடியோ வச்சிருக்கவங்க முதல்ல வாங்க, ஒவ்வொண்ணா உக்காந்து பாத்துடலாம்.