மூன்று இரவுகள் அந்த மலையூரில் என்ன இருந்தது?

சென்ற உரையைக் கேட்ட நேயர் ஒருவர், "இத்தாலியில் சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ என்ற மலையூரில் மூன்று இரவுகள் தங்கியதாகச் சொன்னீர்கள், நூற்றுச் சொச்சம் பேரே வாழும் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, அமைதிக்காகவா அவ்வளவு தொலைவு போனீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரமாக இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

அமைதிக்காகத்தான் போனேன். அப்ருத்சோ பகுதியில், கிரான் சாஸ்ஸோ மலைகளின் அடியில், ஏறத்தாழ 1250 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரை அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். வீட்டின் மேல் வீடாக ஏறி நிற்கும் சுண்ணாம்புக்கல் சுவர்களும், வீடுகளுக்கு அடியிலேயே புகுந்து செல்லும் இருண்ட சந்துகளும், ஒரு காலத்தில் ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் சின்னம் பொறித்த நுழைவாயிலும் இருக்கின்றன. நான் தங்கிய அறையின் சுவரில் பல தலைமுறை அடுப்புப் புகை படிந்த கருமையை வெள்ளையடிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். பழைய வீடுகளையே ஊர் முழுவதும் பரவிய விடுதி அறைகளாக்கும் இந்த ஏற்பாட்டை அங்கே 'அல்பெர்கோ திஃபுசோ' என்கிறார்கள்.

ஆனால் முதல் இரவே எனக்கு ஒன்று உறைத்தது. அந்த அமைதி மலையோடு பிறந்ததன்று. ஆடுகள் போன பிறகு வந்தது. ஃப்ளாரன்ஸ் நகரத்து மெதிச்சி குடும்பம் 1579 முதல் 1743 வரை இந்த ஊரைத் தன் கையில் வைத்திருந்ததே கம்பளிக்காகத்தான். இங்கே கிடைத்த 'கார்ஃபாஞ்ஞா' என்ற முரட்டுக் கறுப்புக் கம்பளி, துறவிகளின் அங்கிக்கும் படைவீரர்களின் உடைக்கும் போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்குமுன் ஆண்கள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு, ஆட்டுப்பாதை வழியாக, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, தெற்கே பூல்யா சமவெளிக்குப் போவார்கள். கோடை நெருங்கும்போதுதான் திரும்புவார்கள். பனி மூடிய ஊரைப் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் பார்த்துக்கொண்டார்கள். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பூல்யாவின் மேய்ச்சல் நிலங்கள் மந்தைக்காரர்களின் பிடியிலிருந்து விடுபட்டு உழவுக்குப் போயின. மேயப் புல் இல்லாமல் மந்தை சுருங்கியது, மந்தை சுருங்கியதும் மக்கள் கடல் கடந்து பிழைக்கப் போனார்கள். நான் மறுபடியும் சொல்கிறேன், நாம் இன்று காசு கொடுத்து அனுபவிக்கும் அந்த அமைதி ஆடுகள் போன பிறகு வந்த அமைதி.

ஆகவே, "அங்கே என்ன இருக்கிறது?" என்பதைவிட, "அங்கே இருந்தவர்கள் எங்கே?" என்று அந்த நேயர் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். இரண்டாம் நாள் மாலை, வாசலில் அமர்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், எதிரே இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, அந்தந்த வீட்டார் குடியேறிய நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். பதினோரு கதவுகளில் இரண்டுக்கு மட்டும் "இங்கேதான்" என்றார்.

அவர் புடைத்த பயறைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மைசூர்ப் பருப்பின் இனந்தான். ஆனால் கடுகைவிடச் சற்றே பெரிதாக, கருமை கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். ஊற வைக்காமலே வெந்துவிடும். பூண்டும் பிரிஞ்சி இலையும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேர்த்து அவர் வைத்துக் கொடுத்த கஞ்சியை, மண் வாசனையோடு, இன்றும் என் நாக்கு மறக்கவில்லை.

2009 ஏப்ரல் 6 அன்று, லாக்விலா நகரைக் குலைத்த நிலநடுக்கத்தில் இந்த ஊரின் நடுவே நின்ற வட்டக் கோபுரம் இடிந்து விழுந்தது. மிகச் சிலரே வாழும் ஊருக்குக் கோபுரம் எதற்கு என்று விட்டுவிடாமல் அதை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் விடியலில் அதன் அடியில் நின்றபோது, கீழே எங்கோ மணியோசை கேட்டது. வெள்ளை நாய்கள் இரண்டு முன்னே வர, ஐம்பது அறுபது ஆடுகள் சரிவில் ஏறின. அந்த மூதாட்டி சாளரத்தைத் திறந்து, அவை மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.